யார் முதலில் கூட்டிப் போவது

பெரிய மால் திறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பஸ்ஸில் நான்கு மணி நேரம். தெருவில் பாதிப் பேர் போய்வந்துவிட்டார்கள். டேப் அக்கா போகவில்லை. ஆனால் மாலில் விற்ற பேண்டுகளின் அடிப்பாகம் முழுக்க அவளிடம்தான் இருந்தது. அங்கே விற்கும் பேண்டுகளை யாரை மனதில் வைத்துத் தைக்கிறார்களோ, வாங்கிவந்த ஒருவருக்கும் கால் நீளம் சரியாக இருந்ததில்லை. எல்லாம் அவள் கடைக்கு வரும். அவள் நாலு விரற்கடை வெட்டி, மடித்து அடித்துக் கொடுப்பாள். வெட்டிய துண்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிடந்தன.

கடை என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், ஒரு டியூப் லைட். ஒரு பக்கம் மருந்துக்கடை, மறுபக்கம் ஜெராக்ஸ். ‘புதுத்துணி தைப்பதில்லை’ என்று போர்டிலேயே எழுதியிருக்கும். ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, பெரும்பாலும் தளர்த்துவது, இதுதான் தொழில். கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைக் கழற்ற மறந்து காய்கறி வாங்கப் போய்ப் போய் டேப் அக்கா என்ற பெயர் வந்தது. “நான் வெயிட்டு போடலக்கா, துணிதான் சுருங்கிடுச்சு” என்று வருகிறவர்களிடம், “ஆமா, ஊர்ல எல்லாருக்கும் துணிதான் சுருங்குது” என்பாள். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவாள் என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

“அங்க மீன் தொட்டி இருக்குக்கா” என்றாள் ஒருநாள் மருந்துக்கடைப் பெண், மடிக்க வேண்டிய பேண்டைக் கையில் வைத்துக்கொண்டு. “தொட்டின்னா தொட்டி இல்ல. நாம உள்ள நடந்து போறோம், தலைக்கு மேல சுறா போகுது.”

“சுறா பேண்ட்டு போட்டிருந்தா எங்கிட்ட அனுப்பு. அதுக்கும் நீளமாத்தான் இருக்கும்.”

சொல்லிச் சிரித்தாளே தவிர, அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். மகளை அங்கே கூட்டிப்போக வேண்டும். அதுவும் சித்திக்காரி கூட்டிப்போவதற்கு முன்னால்.

சித்திக்காரி என்பது அவள் கூடப்பிறந்த தங்கச்சிதான். இரண்டு தெரு தள்ளி வீடு. மூக்குக்கண்ணாடிக் கடையில் மேனேஜர், கார் உண்டு, பிள்ளை இல்லை. அக்கா மகள் என்றால் உயிர். அதைக் குறை சொல்ல முடியாது என்பதுதான் டேப் அக்காவின் பெரிய குறை. மகள் முதல் சினிமா பார்த்தது சித்தி மடியில். சைக்கிள் பழகியது சித்தி பின்னால் பிடித்துக்கொண்டு ஓட. கடலை முதல்முதலாகப் பார்த்தது சித்தி தோளில் உட்கார்ந்து. அன்றைக்கு யூனிஃபார்ம் சீசன், டேப் அக்கா மிஷினை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. சாயங்காலம் குழந்தை தூங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தது. அதன் செருப்பில் இருந்த மணலைத் தட்டியது மட்டும்தான் அம்மாவின் பங்கு.

இப்போது மகளுக்குப் பதினைந்து வயது. இனி வாயைப் பிளந்துகொண்டு பார்க்க உலகத்தில் அதிகம் மிச்சமில்லை. இந்த மால் ஒன்றுதான் பாக்கி. அங்கே போய் நிற்கும்போது அந்த முகத்தைத் தான் பார்க்க வேண்டும், தங்கச்சி பார்க்கக் கூடாது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அசிங்கமாக இருக்கும் என்று தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சனிக்கிழமையே சித்தி வீட்டுக்குத் தங்கப் போயிருந்த மகள் திரும்பி வந்ததும், சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்துவைத்தாள்.

“இருபதாம் தேதி சனிக்கிழமை, காலைல அஞ்சரை பஸ். ஒன்பதரைக்கு அங்க இருப்போம். ராத்திரி பக்கத்துலயே ரூம் சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் சுத்திட்டுக் கிளம்புறோம்.”

கணவர் லிஃப்ட் மெக்கானிக். “அங்க இருபத்தாறு லிஃப்ட் இருக்கு தெரியுமா?” என்றார் ஆவலாக.

“உங்கள லிஃப்ட் பாக்கக் கூட்டிட்டுப் போகல.”

“நீ மட்டும் சும்மா இருப்பியா? போறவன் வர்றவன் பேண்ட்டையே பாத்துக்கிட்டு நிப்ப.”

மகள் சிரிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டைப் பார்த்தபடி நின்றாள். “சனிக்கிழமையா? உனக்குக் கடை?”

“சாத்திட்டு வர்றேன்.”

சனிக்கிழமை டேப் அக்கா கடையைச் சாத்தி யாரும் பார்த்ததில்லை. “சரிம்மா” என்றாள் மகள். துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தவளுக்குச் சப்பென்று இருந்தது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று தானே சமாதானம் செய்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தங்கச்சி கடைக்கு வந்தாள். கையில் மால் பை. உள்ளே கரும்பச்சை நிறத்தில் ஒரு கவுன். துணியைத் தொட்டதுமே டேப் அக்காவுக்கு அதன் தரம் தெரிந்துவிட்டது.

“நாத்தனார் பொண்ணுக்குக்கா. இடுப்பப் பிடிக்கணும், நீளம் கொஞ்சம் குறைக்கணும். அளவு இந்தச் சீட்டுல இருக்கு.”

“பொண்ண வரச் சொல்லு. சீட்ட பாத்துத் தைக்க நான் என்ன மருந்துக்கடையா?”

“அவ வெளியூர்ல இருக்காக்கா. வேற யார்கிட்டயாவது குடுத்தா கெடுத்துருவாங்க.”

சீட்டை வாங்கிப் பார்த்தாள். தோள் பதினாலரை, மார்பு முப்பத்துமூன்று, இடுப்பு இருபத்தேழு, நீளம் முப்பத்தொன்பது. நல்ல வளர்ந்த பெண் யாரோ. “மாலுக்குப் போனியா என்ன?” என்று கேட்டாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

“அவரு வேலையா போனாரு, கூடப் போனேன்.”

“நாங்களும் போறோம். இருபதாம் தேதி. ரெண்டு நாள். ரூம் போட்டாச்சு.” இரண்டு நாளை அழுத்திச் சொன்னாள். “பொண்ணு ஒரே குதி.”

“நல்லாருக்கும்க்கா” என்றாள் தங்கச்சி, கொஞ்சம் அவசரமாக. “கிழக்கு வாசல் வழியா போங்க, அங்கதான் கூட்டம் கம்மி.”

“நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், எந்த வாசல்னு.” எழுதவில்லை. தங்கச்சி போனபிறகு எழுதினாள், மேற்கு வாசல் என்று.

கவுனை அன்றைக்கே எடுத்துத் தைத்தாள். அதைத் தைக்கும்போது அவளுக்கு ஒரு மாதிரி குளிர்ச்சியாக இருந்தது. தங்கச்சிக்கு வேறொரு பெண்மேல் ஆசை வந்திருக்கிறது! போகட்டும், நாத்தனார் மகளையே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளட்டும். அந்த நல்லெண்ணத்தில் கீழ்மடிப்பை மிஷினில் அடிக்காமல் கையால் தைத்தாள். சாயங்காலம் மகளிடம் சொல்லவும் செய்தாள்.

“உன் சித்திக்கு இப்ப வேற பொண்ணு கிடைச்சிருச்சுடி. கவுனு, அதுவும் எப்படிப்பட்ட கவுனு! உனக்கு இப்படி ஒண்ணு எடுத்துக் குடுத்திருப்பாளா?”

மகள் முகம் ஒரு மாதிரி ஆனது. பாவம், பிள்ளைக்குப் பொறாமை என்று நினைத்தாள் அம்மா. அதிலும் ஒரு திருப்தி.

பயணத் திட்டம் நாளொரு பக்கமாக வளர்ந்தது. முதலில் மீன் சுரங்கம், பிறகு பனிச்சறுக்கு, பிறகு சாப்பாடு என்று எழுதியிருந்தாள். மகள் பென்சிலை வாங்கி, “சறுக்குறத மொதல்ல வைம்மா. மத்தியானமானா பனியெல்லாம் சொதசொதன்னு ஆயிரும். ட்ரெஸ் நனையும்” என்றாள்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“வீடியோல பாத்தேன்.”

வீடியோவில் துணி நனைவதுகூடவா தெரியும் என்று ஒரு நொடி தோன்றியது. விட்டுவிட்டாள்.

புதுத்துணி தைப்பதில்லை என்ற போர்டை ஒருநாள் அவளே மீறினாள். மாலில் போட்டுக்கொள்ள மகளுக்கு ஒரு சட்டை. இளநீல லினன், காலர் வைத்து, கை முக்கால். எப்போதும் மகளுக்குத் தைக்கும்போது வளருகிற பிள்ளை என்று தையலுக்குள் ஒரு இஞ்ச் துணி விட்டுத்தான் தைப்பாள். இந்த முறை விடவில்லை. போட்டோவில் கச்சிதமாக இருக்க வேண்டும். அளவு நோட்டில் மகள் பக்கத்தைத் திறந்து, அதில் இருந்த அளவுக்கே, ஓரத்தை ஒட்ட வெட்டிச் சுத்தமாக முடித்தாள். எந்த வாடிக்கையாளர் வந்தாலும் நிற்க வைத்து அளவெடுக்கிறவள், மகளை நிற்க வைக்கவில்லை. தன் பிள்ளை அளவு தனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைகள் கட்டிக்கொண்டிருந்தபோது சட்டையை நீட்டினாள். “போட்டுக் காட்டு.”

மகள் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். தோள் தூக்கிக்கொண்டு நின்றது. நெஞ்சில் பித்தான் இழுத்தது. கையைத் தூக்கச் சொன்னாள், தூக்க முடியவில்லை.

“பரவால்லம்மா, போட்டுக்கறேன்.”

“என்னத்த போட்டுக்கறது? திரும்பு.” கழுத்திலிருந்த டேப்பை உருவி மகளின் முதுகில் வைத்தாள். பழக்கத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அளந்தாள். “தோள் பதினாலரை... மார்பு முப்பத்துமூணு... இடுப்பு இருபத்தேழு...”

வாய் நின்றது. கை மட்டும் டேப்பை முழங்கால் வரை இறக்கியது. முப்பத்தொன்பது.

மகள் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே நின்றாள். அந்த முதுகைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்தது.

“எப்ப போனீங்க?”

“அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. விடிகாலைல கார்ல போயிட்டு சாயங்காலமே வந்துட்டோம். வந்ததும் சொல்லலாம்னுதாம்மா இருந்தேன். நீ நோட்ட விரிச்சு வெச்சிருந்த.” குரல் உடைந்தது. “சனிக்கிழம கடைய சாத்துறேன்னு சொன்ன. எப்படிச் சொல்றது? நாந்தான் சித்தியையும் சொல்ல வேணாம்னு சொன்னேன். கவுன அவங்க வீட்டுலயே வெச்சுப் போட்டுக்கலாம்னு...”

“நான் தெச்ச கவுனு.”

“நீ தெச்சாதான் நல்லா இருக்கும்னு சித்தி சொன்னாங்க.”

வாசலில் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். “போன எடத்துக்கே மறுபடி போனா லிஃப்ட் ஏத்திக்க மாட்டேன்னு சொல்லுமா? விடும்மா.”

“நீங்க பாலிஷ் போடுங்க.”

ஏமாற்றியது கூட இரண்டாவதுதான். ஊரில் இருக்கிறவர்களின் இடுப்பெல்லாம் கண்ணால் பார்த்தே சொல்லுகிறவள், தன் பிள்ளையின் அளவைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தும் யாரோ நாத்தனார் மகள் என்று தைத்திருக்கிறாள். போன வருடத்து மகளையே மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த வருடத்து மகளை டேப் வைத்து அளந்தவள் தங்கச்சி. டேப் பிடிக்கவே தெரியாது அவளுக்கு. ஆனாலும் அளவு கால் இஞ்ச் பிசகவில்லை.

சட்டையைப் பிரித்துத் தளர்த்த வழியில்லை, உள்ளே துணி இல்லை. அதை மடித்து அலமாரிக்குள் வைத்தாள். செருப்பை மாட்டினாள்.

“எங்கம்மா போற?”

“கவுன வாங்கிட்டு வர.”

தங்கச்சி கதவைத் திறந்ததுமே தெரிந்துகொண்டாள். மகள் போன் செய்திருப்பாள்.

“திட்டறதுன்னா உள்ள வந்து திட்டு. பக்கத்து வீட்டுல ஆள் இருக்காங்க.”

டேப் அக்கா உள்ளே வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். “கேட்டிருக்கலாம்ல? அக்கா, கூட்டிட்டுப் போகட்டான்னு ஒரு வார்த்த.”

“கேட்டா வேணாம்னுதான சொல்லுவ. எப்பக் கேட்டாலும் அடுத்த மாசம், சீசன் முடியட்டும். ஒன்றரை வருஷமா உன் சீசன் முடியல.”

“எம்பொண்ண நான் எப்ப வேணா கூட்டிட்டுப் போவேன்.”

“உம்பொண்ணுதான். யாரு இல்லன்னா?” தங்கச்சியின் குரலும் ஏறியது. “ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா செருப்பப் போட்டுக்கிட்டு உன் வீட்டுக்குத்தான் ஓடறா. ஒரு தடவையாவது இன்னொரு ராத்திரி இருக்கேன் சித்தின்னு சொல்லியிருப்பாளா? நீ என்னடான்னா ஒரு பகல் போனதுக்குச் சண்டைக்கு வர்ற.”

இப்படி ஒரு பக்கம் இருக்கும் என்று டேப் அக்கா யோசித்ததே இல்லை. யோசித்தபிறகும் மனம் ஆறவில்லை. பொறாமைப்பட ஆளுக்கு ஒரு நியாயம் இருந்தால் என்ன, தன் வயிறு எரிவது எரிந்துகொண்டுதான் இருந்தது.

தங்கச்சி உள்ளே போய்க் கவுனை ஒரு பையில் போட்டு எடுத்துவந்தாள். டேப் அக்கா வாங்கிக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். காலையில் ஐந்தரைக்குப் பஸ். இன்னும் சோப்பு, சீப்பு, பல்தேய்க்கிற பிரஷ் எதுவும் எடுத்துவைக்கவில்லை.

“உள்ள போனதும் என்ன பண்ணா?”

“யாரு?”

“எம்பொண்ணு. மொதல்ல உள்ள போனதும்.”

தங்கச்சி அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள். “கண்ணாடிக் கதவு தானா திறந்துச்சு. உள்ள போனா, நடுவுல மேல வரைக்கும் திறந்து கிடக்கும், ஏழு மாடியும் தெரியும். அங்கேயே நின்னுட்டா. பின்னாடி வர்றவங்க இடிச்சிக்கிட்டுப் போறாங்க, நகரல. வாய் அப்படியே திறந்து இருந்துச்சு. அப்புறம் என் கையப் புடிச்சிக்கிட்டா. சின்னப்புள்ளையில புடிப்பாளே, கட்டைவிரல மட்டும், அந்த மாதிரி.”

கையைப் பிடித்தாள் என்ற இடத்தில் டேப் அக்கா பையின் காதைத் திருகுவதை நிறுத்தினாள். அதை மட்டுமாவது இவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். கட்டைவிரலை வேறு சேர்த்துச் சொல்கிறாள்.

சோபாவில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள்.

“அப்புறம்?” என்றாள்.