அமுதா பிரித்த தட்டு

அன்று நடந்தவை, வரிசையாக:

1. நாங்கள் வேலைக்குப் போன தஞ்சாவூர் பஸ்ஸை வெட்டாற்றுப் பாலத்தில் மறித்தார்கள். உச்சவரம்புக்கு மேல் பினாமி பெயர்களில் கிடந்த நிலத்தைக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் நடத்திய மறியல். அந்த நிலத்தில் என் பெரியப்பாவுடையதும் உண்டு.

2. என்னோடு லேபில் வேலை பார்த்த அமுதாவுக்கு வழி விட்டார்கள். "நம்ம கோவிந்தன் மவதான், விடுங்கப்பா" என்று சைக்கிளும் கொடுத்தார்கள்.

3. எனக்கு விடவில்லை. "நானும் அதே லேப்தாங்க" என்றேன். "உங்க பெரியப்பாவ வந்து பேசச் சொல்லுங்கம்மா. அப்பறம் போகலாம்" என்றார் ஒருவர்.

4. "உன் தட்டு?" என்று அமுதா கேட்டாள். "மீடியம் மட்டும் மாத்து. வேற எதையும் தொடாத" என்றேன்.

5. தொட்டாள்.

எங்கள் வேலை, நோயாளியின் ரத்தத்தில் இருந்த மலேரியா ஒட்டுண்ணியை, மீடியம் என்கிற சத்துநீர் ஊற்றித் தட்டில் வளர்ப்பது. ஆக்ஸிஜனைக் குறைக்க மெழுகுவர்த்தி ஏற்றி மூடிய கண்ணாடி ஜாடிக்குள் ஆளுக்கொரு தட்டு. தற்காலிகமாக நாங்கள் இருவர். நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. "யாரோட லைன், அதாவது ஒட்டுண்ணி வம்சம், சாகாம நிலைக்குதோ அவங்க இருக்கலாம்" என்று லேப் தலைவரான சார் சொல்லியிருந்தார். அதனால் என் தட்டை நான் பிரித்துக் குறைக்கவே இல்லை. கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தேய்த்துப் பார்க்கும் ஸ்மியரில் அவளுடையதைவிட என்னுடையதில் எப்போதும் கூட்டம் அதிகம். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி.

சிவப்பணுவுக்குள் குடியிருக்கும் இந்த ஒட்டுண்ணி சர்க்கரையை முழுதாக எரிக்காது. அவசரமாகப் பாதியில் உடைத்து, கிடைத்ததை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளும். வீண்செலவுதான். ஓடுகிற ரத்தத்தில் சர்க்கரை வந்துகொண்டே இருப்பதால் கட்டுபடியாகிறது. வேகமாகப் பெருகவும் முடிகிறது. தட்டில் அந்த ஓட்டம் கிடையாது. சர்க்கரை தீரும், அமிலம் தேங்கும், சிவப்பு மீடியம் மஞ்சளாகும்.

மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தபோது என் தட்டில் கூட்டம் இல்லை.

"எங்கடி மிச்சம்?"

"கொட்டிட்டேன். மஞ்சளா கெடந்துது. வெறும் மீடியம் மாத்துனா சாயங்காலமே திரும்ப மஞ்சளாயிடும். கொஞ்சூண்டு எடுத்துப் புது ரத்தத்துல விட்டிருக்கேன்."

"என்னைக் கேக்காம?"

"பாலத்துக்குத் திரும்பி வந்து கேக்கணுமா?" மூடியைத் துடைத்தபடி சிரித்தாள். "உங்க வீட்டுப் பழக்கம் போல. எல்லாத்தையும் ஒரே எடத்துல சேத்து வச்சுக்கறது."

பிரிக்கும் முன் அவள் எடுத்து வைத்திருந்த ஸ்மியரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒட்டுண்ணிகள் பாதிக்கு மேல் சுருங்கிக் கரும்புள்ளிகளாகக் கிடந்தன. அவள் செய்தது சரி. அந்தக் கை எனக்கு இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

அடுத்த வாரம் சார் இரண்டு ஸ்மியரையும் பார்த்தார்.

"ரெண்டு லைனும் நிலைச்சிருக்கு. ரெண்டையும் நிலைக்க வச்சது யாரு?"

நான்தான் சொன்னேன், "அமுதா சார்."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். மீடியத்தின் நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சாகும்போதே பிரித்துவிடுங்கள்.

இன்றைய நிலவரம்: அந்த இடத்தில் அமுதா இருக்கிறாள். நான் பட்டுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்மியர் பார்க்கிறேன். பெரியப்பா நிலத்தின் வழக்கு நடக்கிறது. என் லைன் அவளுடைய ஜாடியில் உயிரோடு இருக்கிறது. தட்டின் மூடியில் இருக்கும் என் பெயரை அவள் மாற்றவில்லை. நானாக இருந்தால் மாற்றியிருப்பேன். அதற்காகவும் அவள்மேல் எனக்குப் பொறாமை.