கனடாவில் கஞ்சாக் கடை வேலை, ஆவடியில் மாப்பிள்ளை விசாரிப்பு

இந்த வலைப்பதிவில் இதுவரை அருவிக்கும் மலைக்கும் கோயிலுக்கும்தான் வழி சொல்லி வந்திருக்கிறேன். இந்த முறை ஆவடி. சுற்றிப் பார்க்கப் போகவில்லை, மாப்பிள்ளை விசாரிக்கப் போனேன். என் அக்கா வசந்தாவின் மகள் காவ்யாவுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் தினேஷ், வேலை டொராண்டோவில், பெற்றோர் பட்டாபிராமில். ஜாதகம் பொருந்தியது. இரண்டு பேரும் ஒரு மாதமாகப் போனில் பேசுகிறார்கள், காவ்யாவுக்குப் பிடித்தும் போய்விட்டது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் அக்கா சும்மா இருக்காமல் பையனின் கம்பெனிப் பெயரைப் போனில் தட்டிப் பார்த்தாள். பச்சை இலைப் படம் வந்தது. அதற்குக் கீழே கிராம் கணக்கில் விலைப்பட்டியல் வந்தது.

விஷயம் இதுதான். கனடாவில் பொழுதுபோக்குக்குக் கஞ்சா விற்பதைச் சட்டமே அனுமதித்துவிட்டது. லைசென்ஸ் வாங்கி, போர்டு மாட்டி, கடை வைத்து விற்கிறார்கள். அப்படிப் பல கடைகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில்தான் தினேஷுக்கு வேலை. பாக்கெட்டில் லேபிள் சரியாக ஒட்டியிருக்கிறதா, இருப்புக் கணக்கு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பான். பயோடேட்டாவில் ‘ரீடெயில் கம்ப்ளையன்ஸ்’ என்று இருந்ததைப் பார்த்து நாங்கள் ஏதோ சூப்பர் மார்க்கெட் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். “முரளி, நீ போய் அந்தப் பக்கம் விசாரிச்சுட்டு வா. நீ வேணாம்னா வேணாம், சரின்னா சரி. நான் மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்” என்றாள். காவ்யாவிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ் வந்தது. “மாமா, ப்ளீஸ்” என்று மட்டும் இருந்தது. என் ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கிறது. நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். இடிபட்ட வண்டியைப் பார்த்து எவன் மேல் தப்பு என்று எழுதுவேன். இடிபடாத குடும்பத்தைப் பார்த்து எழுதிப் பழக்கமில்லை.

தை மாதம், ஒரு சனிக்கிழமை. சென்ட்ரலில் காலை எட்டேகால் மின்சார ரயில். திருமுல்லைவாயிலுக்கு டிக்கெட் ஐந்து ரூபாய், நாற்பது நிமிடப் பயணம். காலையில் கூட்டமெல்லாம் எதிர்த்திசையில்தான் வரும் என்பதால் இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஜன்னலோரமே கிடைக்கும். அம்பத்தூரில் ஏறிய ஒருவர் என் மடியிலிருந்த தாம்பூலப் பையைப் பார்த்து, “விசேஷமா?” என்றார். “இன்னும் தெரியலை” என்றேன்.

முதலில் திருமுல்லைவாயில். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. தினேஷின் குடும்பம் முன்பு அங்கே மூன்று வருடம் வாடகைக்கு இருந்தது. சங்கச் செயலாளர் பிரபு என்று ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி.யில் வேலை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“தங்கமான குடும்பமுங்க. பையன் ஆயுர்வேத கம்பெனில இருக்கறான்னு அவங்கப்பா சொன்னாருங்க. நான் நெட்ல பார்த்துட்டேன், ஆனா கேட்டுக்கல. லீகல்தானுங்களே, அதுல என்ன தப்பு? நம்மூர்லயும் கொண்டாந்து ஜி.எஸ்.டி. போட்டா அரசாங்கத்துக்கு வருமானம். நாமதான் இன்னும் பழைய மாதிரி யோசிச்சுட்டு இருக்கறோம்.”

இவ்வளவு பரந்த மனது காலை ஒன்பதே காலுக்குக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “அப்படி ஒரு கடை உங்க அபார்ட்மெண்ட் கீழே வந்தா?” என்று கேட்டேன்.

“அதெப்படிங்க, குழந்தைங்க இருக்கற எடம். ஒரு கிலோமீட்டர் தள்ளி வெச்சுக்கட்டும்.”

“ஒரு கிலோமீட்டர்ல எங்கம்மா வீடு இருக்குதுங்க” என்று சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. பிரபு உடனே இரண்டு கிலோமீட்டர் ஆக்கினார். நான் விடைபெற்றேன்.

அங்கிருந்து ஆட்டோ. ஆவடி, அப்புறம் பட்டாபிராம், காத்திருப்பும் சேர்த்து அறுநூறு ரூபாய் என்று பேசி முடித்தேன். ஓட்டுநர் பெயர் ஏகாம்பரம், ஐம்பது வயது இருக்கும். சி.டி.எச். ரோட்டில் ஏறியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “இன்னா சார், பொண்ணு ஊட்டு சைடா?” என்றார். தாம்பூலப் பை காட்டிக்கொடுத்துவிட்டது. யாரிடமாவது சொன்னால்தான் மனம் ஆறும் என்ற நிலையில் இருந்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு முழுக்கதையையும் சொன்னேன்.

ஏகாம்பரம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“கடை வச்சு விக்கிறானா? ஏசி கீதா?”

“இருக்கும்.”

“பில்லு?”

“கண்டிப்பா தருவாங்க.”

“பில்லு போட்டது மேல பத்து ரூபா எக்ஸ்ட்ரா கேப்பானா?”

“அதெல்லாம் கேக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.”

“அப்ப அது நல்ல கம்பெனிதான் சார்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அடுத்த மூன்று கிலோமீட்டருக்கு அவருக்குச் சந்தேகங்கள் வந்துகொண்டே இருந்தன. “தேர்தல் வந்தா மூடுவானா? காந்தி ஜெயந்திக்கு?” கனடாவில் காந்தி ஜெயந்திக்குக் கடை மூடுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. வாசகர் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், ஏகாம்பரத்திடம் சொல்லிவிடுகிறேன்.

ஆவடியில் ராணுவ டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பின் வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. தினேஷின் அப்பா சங்கரலிங்கம் இங்கே குவார்ட்டர்ஸில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்காரர். அவரோடு வேலை பார்த்த ஆட்கள் சனிக்கிழமை பத்து மணிக்கு அங்கே கூடுவார்கள் என்று பிரபு சொல்லியிருந்தார். நான் டீ வாங்கிக்கொண்டு நிதானமாக ஆரம்பித்தேன். வெயில், தண்ணீர் லாரி, ரயில் நேரம் என்று பேசி, மெதுவாகச் சங்கரலிங்கம் பெயரைப் பேச்சில் இறக்கினேன். விசாரிப்பு என்பது அப்படித்தான் செய்ய வேண்டும். ஏகாம்பரத்துக்குப் பொறுமை போய்விட்டது.

“அட, நீ சுத்தி வளைச்சுகினே கீற சார்” என்றவர், கடைக்கே கேட்கும்படி, “அண்ணாத்தே, கனடாவுல கஞ்சா கடைல வேலை செய்றானே ஒரு பையன், அவனைப் பத்தி விசாரிக்கத்தான் இவரு வந்துகீறாரு. ஃபேமிலி எப்படி?” என்றார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்த ஒருவர், “லிங்கத்தோட மவனா? எங்ககிட்ட விவசாய ஆராய்ச்சின்னுல்ல சொன்னாரு!” என்றார். எனக்குக் காது சூடேறிவிட்டது. ஒரு மனிதர் வருடக்கணக்கில் மூடி வைத்திருந்ததை நான் கூட்டிவந்த ஆள் ஒரே வாக்கியத்தில் கொட்டிவிட்டார்.

திட்டுவார்கள், சிரிப்பார்கள் என்று பயந்தேன். நடந்தது வேறு. ஐந்து நிமிடத்தில் டீக்கடை தொழிற்சங்கக் கூட்டமாக மாறியது. நிரந்தர வேலையா, காண்ட்ராக்டா? பி.எஃப். பிடிக்கிறார்களா? ஷிப்ட் உண்டா? லேபிள் சரிபார்க்கும் வேலை என்று நான் சொன்னதும் மப்ளர்க்காரர் தொடையில் தட்டினார். “அப்போ இன்ஸ்பெக்‌ஷன்! அப்பன் பார்த்த அதே வேலை. சரக்கு எதுவா இருந்தா என்ன, இன்ஸ்பெக்‌ஷன் இன்ஸ்பெக்‌ஷன்தான்” என்றார். இன்னொருவர், “நம்ம இங்க செஞ்சு அனுப்பினதை வச்சு ஊதவா முடியும்? அதுக்கு இது தேவலை” என்றார்.

பால் பாக்கெட் வாங்க வந்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது வயது இருக்கும். “அங்க விக்கிறவனுக்கு நீங்க பொண்ணு குடுக்க வந்துகீறீங்க. இங்க பையில வச்சிருந்தான்னு புடிச்சுகினு போன என் தம்பிக்கு நாங்க ஜாமீன் தேடிகினு கீறோம்” என்றார். யாரிடமும் பதில் எதிர்பார்க்காமல் போய்விட்டார். ஏகாம்பரம் கூட வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண்ணின் தம்பி செய்தது சரியென்று சொல்ல மாட்டேன், ஆனால் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

ஆவடியிலிருந்து பட்டாபிராமுக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். இருபது நிமிடம் ஆயிற்று. தெருமுனையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்று கை காட்டினார்.

“வாங்க, நீங்கதான முரளி? நான் சங்கரலிங்கம். ஆவடியில இருந்து மூணு பேரு போன் பண்ணிட்டாங்க. ஊரெல்லாம் கேக்கதுக்கு எங்கிட்டயே கேட்டுருங்களேன்.”

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் மனைவி காபி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்க என்ன செய்வீங்க? தப்பு என் பேருலதான்” என்றார் அவர். “இதுக்கு முன்னால ரெண்டு எடம் வேலையக் கேட்டதும் தட்டிப் போச்சு. அதுக்கப்புறந்தான் ஆளுக்கு ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சேன். இப்ப யாருகிட்ட ஆயுர்வேதம், யாருகிட்ட விவசாயம்னு எனக்கே நெனப்புல நிக்கல. சர்வீஸ்ல இருந்த வரைக்கும் ஒரு பொய்க் கையெழுத்து போட்டதில்ல சார். பெத்த மவன் வேலையச் சொல்லத்தான் நாக்கு கூசுது. அவன் அந்த எழவத் தொட மாட்டான். தொட்டா எங்கிட்டச் சொல்லிருவான்.”

எனக்கு அந்த மனிதரை ரொம்பவும் பிடித்துவிட்டது. அந்த நிமிடமே சரி என்று முடிவு செய்துவிட்டேன். அதைச் சொல்ல வாயெடுக்கும்போது அவர் கேட்டார்.

“நான் ஒண்ணு கேக்கலாமா? பொண்ணோட அப்பா அரசுப் பணின்னு போட்டிருந்துச்சு. எந்தத் துறை?”

அந்த பயோடேட்டாவை எழுதியது நான்தான். என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், அரசு மதுக்கடையில் சூப்பர்வைசர். இருபது வருடத்துக்கு மேலாகிறது. விசேஷ வீடுகளில் யார் கேட்டாலும் ‘ரெவின்யூ சைடு’ என்பார், நாங்களும் பக்கத்தில் நின்று தலையாட்டுவோம். இன்று முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

சங்கரலிங்கம் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார், நானும் சிரித்தேன். வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்த ஏகாம்பரம், “எந்த ஏரியா கடை சார்?” என்றார். சிரிப்பு அடங்கியதும் சங்கரலிங்கத்தின் முகம் மாறிவிட்டது. “என் வீட்டுக்காரிக்குக் குடின்னாலே ஆகாது. அவ அண்ணன் அதுலதான் போனாரு. நான் எப்படிச் சொல்ல?” என்று எழுந்து உள்ளே போனார். சரி சொல்ல வந்த நான் இப்போது அவர்கள் சரி சொல்வார்களா என்று உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்து காவ்யாவைக் கூப்பிட்டேன்.

“தெரியும் மாமா” என்றாள். “முதல் நாளே அவர் வேலையைச் சொல்லிட்டார். நானும் அப்பா வேலையைச் சொல்லிட்டேன். நீங்க பெரியவங்கதான் ரெண்டு பக்கமும் மறைச்சுக்கிட்டு இருக்கீங்க. அம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

அக்காவைக் கூப்பிட்டேன். “நல்ல குடும்பம்க்கா. பையனோட அப்பாவுக்கு ஒரு குறைதான், பொய் சொன்னா யார்கிட்ட என்ன சொன்னோம்னு ஞாபகம் வச்சுக்கத் தெரியலை. நம்ம குடும்பத்துல எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்றதால அந்தப் பிரச்சினை இல்லை. நான் அத்தான் வேலையைச் சொல்லிட்டேன்” என்றேன். “இரு, அவர்கிட்ட சொல்லிட்டுக் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டாள்.

அந்த அழைப்பு வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் உங்களுக்காகக் குறித்துக்கொண்டவை இவை. இந்தப் பக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் சனிக்கிழமையில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் யாருடைய கல்யாணத்துக்காவது போயிருப்பார்கள். தாம்பூலப் பை எடுத்துப் போகாதீர்கள். ஆட்டோக்காரரிடம் இடத்தை மட்டும் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லாதீர்கள். பட்டாபிராமிலிருந்து சென்ட்ரலுக்குத் திரும்ப டிக்கெட் பத்து ரூபாய், நேரம் சுமார் ஒரு மணி. மதியம் ரயில்கள் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வருகின்றன, ஒன்றை விட்டால் காத்திருக்க வேண்டும். நெமிலிச்சேரி ஸ்டேஷனும் பக்கம்தான், ஆனால் அங்கே போக ஆட்டோவுக்கு வீணாகக் கொடுக்காதீர்கள். நான் செலவழித்தது ரயில், ஆட்டோ, டீ எல்லாம் சேர்த்து அறுநூற்று எழுபது ரூபாய். வேலை, சம்பளம், குணம் என்று ஒரு குடும்பத்தைப் பற்றிக் கேட்க நாம் ஒரு பட்டியலோடு போகிறோம். அதே பட்டியலை நம் வீட்டு வாசலில் வந்து ஒருவர் கேட்டால் எத்தனைக்கு நேராகப் பதில் சொல்வோம் என்று ரயிலிலேயே ஒருமுறை யோசித்துவிடுங்கள். நாற்பது நிமிடம் போதும்.

போன் அடித்தது, அத்தான்தான். “முரளி, அவர்கிட்ட கொடு” என்றார்.

சங்கரலிங்கமும் அவர் மனைவியும் அதே நேரத்தில் வெளியே வந்தார்கள். அந்த அம்மாவின் கண் சிவந்திருந்தது. அவர்கள் என்ன பேசி முடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன்.

“சார், வணக்கம்” என்றார் அத்தான். “நான் அரசாங்க மதுக்கடையில சூப்பர்வைசர் சார். முன்னாடியே சொல்லியிருக்கணும். எனக்குத்தான் வாய் வரலை.”

சங்கரலிங்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத் தலையசைத்தார்.

“கடை எத்தன மணிக்குத் தொறப்பீங்க, சம்பந்தி?” என்று கேட்டார் சங்கரலிங்கம்.

“மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு” என்றார் அத்தான்.

“அப்ப முகூர்த்தத்தக் காலையிலயே வச்சுக்கிடுவோம். உங்களுக்கு லீவு மிச்சம்.”