கண்ணாடிக்கு வைத்த பொட்டு

பெரியநாயக்கன்பாளையத்தில் நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்து, வீடுகளில் ஜன்னல் திரை தொங்கவிடும் ஸ்கிரீன் கம்பி மாட்டிக் கொடுக்கும் வேலை செய்துவந்தோம். ஏணி மேல் அவர், கீழே நான். பேச்செல்லாம் அவருடையது. எனக்குப் புது ஆட்களிடம் வாய் வராது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட மச்சான் முகத்தைத்தான் பார்ப்பேன்.

சாமான்களைப் பார்த்துக்கொள்வது மட்டும் என் பொறுப்பு. பேட்டரி டிரில்லில் துளை போடும் பிட்டை மாற்றும்போது பேட்டரியைக் கழற்றாமல் கை வைக்க மாட்டேன். சுத்தியலின் தலை ஆடுகிறதா என்று தினமும் காலையில் தரையில் தட்டிப் பார்ப்பேன். ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கி வைத்ததும் நான்தான். "மாப்பிள்ளை நம்மள வெல்டிங் பட்டறைக்காரனாட்ட ஆக்கிப்போட்டாருங்க" என்று மச்சான் போகிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் போட்டுக்கொள்வார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில்தான் சாமான்களைத் துடைத்து அடுக்கினோம். சந்தனம் குங்குமம் வைத்தது நான். டிரில், சுத்தியல், ரசமட்டம், ஏணியின் ஒவ்வொரு படி என்று எதையும் விடவில்லை. கண்ணாடிகளின் சட்டம் மெல்லிசு, பொட்டு நிற்கவில்லை. அதனால் கண்ணுக்கு நேராக வரும் கண்ணாடிப் பரப்பிலேயே ஒரு பக்கத்துக்கு ஒன்றாக அழுத்தி வைத்தேன்.

"கண்ணாடிக்கே கண்ணு தொறந்து உட்டுட்டீங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் விஜயதசமி. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் மூன்று ஜன்னலுக்கும் கம்பி மாட்ட வேண்டும் என்றார்கள். பூமாலை போட்ட பெரிய கரண்ட் டிரில்லை எடுக்க மனமில்லாமல், பேட்டரி டிரில்லையும் சாமான் பையையும் எடுத்துக்கொண்டு போனோம். அந்த வீட்டின் பின்பக்கக் குழாயில் கை கழுவும்போது என் கண்ணாடியையும் கழுவிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டேன். மச்சானுடையதைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல நாளும் அதுவுமா பொட்ட அழிக்க வேண்டாமுங்க."

மறுபடி பைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

முதல் இரண்டு ஜன்னல்கள் சுலபமாக முடிந்தன. மூன்றாவதில் டிரில் காங்கிரீட்டில் முட்டிக்கொண்டது. பிட்டு நின்ற இடத்திலேயே சுற்றியது, சூட்டு வாசனை வந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. மச்சான் டிரில்லைக் கீழே கொடுத்துவிட்டு, காங்கிரீட் ஆணியும் சுத்தியலும் கேட்டார்.

அந்த ஆணி சாதாரண இரும்பு அல்ல. மிகவும் கெட்டி. அடி கொஞ்சம் சாய்ந்தால் வளையாது, உடைந்து தெறிக்கும். இது எனக்குத் தெரியும். என் கண்ணாடியைக் கழற்றி மேலே நீட்டியிருந்தால் போதும். 'எங்கண்ணாடியப் போட்டுக்குங்க மச்சான்' என்ற சொல் தொண்டை வரை வந்தது. சோபாவில் நாலைந்து சொந்தக்காரர்கள் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா காபித் தட்டோடு நின்றிருந்தார். அத்தனை பேர் முன்னால், வயதில் பெரியவருக்கு நான் சொல்வதா என்று கூச்சமாக இருந்தது. இந்த ஒரு ஆணி முடியட்டும், இறங்கியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மூன்றாவது அடியில் சத்தம் மாறியது.

அவர் கத்தவில்லை. சுத்தியல் என் தலைமேல் விழாதபடி அதை ஏணிப் படியில் பார்த்து வைத்தார். பிறகுதான் வலது கண்ணைப் பொத்தினார்.

"மாப்பிள்ளை, கண்ணுல என்னமோ உழுந்துருச்சுங்க."

கீழே நின்றுகொண்டிருந்த எனக்குத் துளித் தூசிகூட விழவில்லை. கண்ணாடியோ என் முகத்தில் இருந்தது.

கோயமுத்தூரில் கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி ஓடி வந்தாள். "கண்ணாடி போடலீங்களாண்ணா?" என்று கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஊட்டுலயே மறந்து வெச்சுப்போட்டு வந்துட்டேன் அம்மணி."

சாமான் பை என் மடியில் இருந்தது. கண்ணாடி அதற்குள் இருந்தது. நான் பையின் வாயைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

ஆணித் துணுக்கை எடுத்துவிட்டார்கள். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்கிறார். இப்போது அவர் ஏணி ஏறுவதில்லை. ஆணியைப் பிடித்தால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பிடிபடவில்லையாம். நான் வேறு ஆட்களோடு போகிறேன். யார் ஏணியில் கால் வைத்தாலும், வீட்டில் யார் இருந்தாலும், கண்ணாடி போடச் சொல்லிவிடுகிறேன். சொல்வது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. அதுதான் வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். டம்ளரைத் தேடி அவர் கை ஒரு விரற்கடை தள்ளிப் போகும். என் மனைவி அதை எடுத்து அவர் கையில் வைப்பாள். வைக்கும்போதெல்லாம், "அன்னைக்கு ஒரு நாளு அந்தக் கண்ணாடிய மறக்காம எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதுங்களாண்ணா" என்பாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு காபியைக் குடிப்பார். நான் சர்க்கரை எடுத்துவருகிற மாதிரி உள்ளே போய்விடுவேன்.