பலாப்பழத்தோடு யானை பார்க்கப் போன கதை

என் மகளுக்கு வந்த மாப்பிள்ளையிடம் ஒரு குறைதான் இருந்தது. அவர் வீட்டைச் சுற்றி யானை இருந்தது.

மற்றதெல்லாம் சரி. ஜாதகம் பொருந்தியது. குடி கிடையாது. லக்கல பக்கத்தில் சொந்தமாக ஒரு கடை, கடைக்குப் பின்னால் நெல் குத்தும் மில். அப்பா இல்லை, அம்மா மட்டும். மாத்தளையில் தெரிந்தவர்களிடம் விசாரித்தபோது எல்லோரும் "தங்கமான பையன்" என்றார்கள். ஆனால் யாரும் அதோடு நிறுத்தவில்லை. "அங்க யானைதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றும் சொல்லிவைத்தார்கள், குழம்பில் உப்பு ஜாஸ்தி என்பது போல.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பிக்கிறேன். வறண்ட பிரதேசத்தைக் கரும்பலகையில் அழகாக வரைவேன். அங்கே போய் இறங்கியதில்லை. தேர்த் திருவிழாவில் யானை வந்தால் எதிர்ப்பக்கத்துக் கடைக்குள் நுழைந்து, வேண்டாத ஒரு சவுக்காரக் கட்டியை வாங்கிக்கொண்டு நிற்பேன். எனக்கு இருப்பது ஒரே மகள். சின்ன வயதில் அவள் இரண்டு தரம் தும்மினால் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். அவளை யானைக்கு நடுவில் கொண்டுபோய்க் குடிவை என்றால்?

"யானை என்ன, அடுப்படியிலயா நிக்கிது? காட்டுல நிக்கிது" என்றாள் என் மனைவி. "நம்ம தெருவுல ராவானா குடிச்சிட்டு விழுந்து கிடக்கிறவன விடவா?"

பெண் பார்த்துப் போனவர்கள் வீட்டுக்கு நாமும் ஒரு தரம் போய் வருவது வழக்கம். எத்தனை அறை, கிணற்றுத் தண்ணீர் நல்லதா, அடுப்படியில் வெளிச்சம் உண்டா என்று பார்ப்பார்கள். நான் யானை பார்க்கப் புறப்பட்டேன். மகளும் வருவேன் என்று நின்றாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் அங்கே வந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்றாள் மனைவி.

"லக்கலயில பேசுறதுக்கு நாலு பேரு எங்கம்மா இருக்காங்க? குடியிருக்கப் போறது நானு. அப்பா பாத்துட்டு வந்து என்ன சொல்லப் போறாரு? பயமா இருக்குன்னு சொல்வாரு. அத அவரு இங்க இருந்தே சொல்லலாமே."

சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு வறுக்கைப் பலா நிற்கிறது. அதில் நன்றாகப் பழுத்த ஒன்றை இறக்கினேன். அதோடு ஒரு தார் கோழிக்கூட்டு வாழைப்பழம். மனைவி லட்டுப் பிடித்து ஒரு துணிப்பையில் போட்டு, அதன் மேல் தனக்கு ஒரு மாற்றுச் சேலையையும் வைத்தாள். ரத்தோட்டை தாண்டி பஸ் மலையேறும் போதே பழத்தின் வாசம் பஸ்ஸை நிறைத்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"மாஸ்டர், அந்தப் பெரிய ஆளுக்கும் ஒரு டிக்கட் எடுங்க" என்றான் கண்டக்டர்.

மலை இறங்கி, புல் காய்ந்து, காற்று சுடத் தொடங்கிய இடத்தில் பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் அங்கிருந்த ஒரு தேநீர்க் கடை முன்னால் ஜீப்போடு நின்றார்கள். யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட ஜீப். மேலே கன்வஸ் துணி. பின்பக்கம் திறந்த வாசல். மாப்பிள்ளை முதலில் பார்த்தது என் மகளை அல்ல, பலாப்பழத்தை. எனக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன் மாஸ்டர் இவ்வளவு சிரமம்? பழத்த இந்தக் கடையில வச்சிட்டுப் போவோம். நாளைக்கு எடுத்துக்கலாம்."

நம் ஆட்களுக்குள் இதற்கு ஒரு முறை உண்டு. வாங்குகிறவர் வேண்டாம் என்பார். கொடுக்கிறவர் விடக் கூடாது. வேண்டாம் என்றதும் நிறுத்திக்கொண்டவனைப் பற்றி ஆயுளுக்கும் பேச்சு இருக்கும்.

"அதெல்லாம் முடியாது தம்பி."

"இல்ல மாஸ்டர், நெசமாத்தான் சொல்றேன். வச்சிட்டுப் போவோம்."

"நானும் நெசமாத்தான் தூக்கிட்டு வந்தேன்."

அவர் மூன்றாம் தரமும் வாய் திறந்தார். அவருடைய அம்மா முழங்கையால் மகனின் விலாவில் ஓர் இடி கொடுத்தார். "அண்ணே ஆசையா கொண்டாந்திருக்காங்க. நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு, மகன் காதில் ஏதோ முணுமுணுத்தார். சம்பந்தியம்மாவுக்கு மரியாதை தெரிந்திருக்கிறது என்று மகிழ்ந்துபோய் நானே பழத்தைத் தூக்கி ஜீப்பின் பின்பக்கம் வைத்தேன். முன்னால் மாப்பிள்ளையும் நானும். பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. அதில் பெண்கள் மூவரும். என் மகள் வாசலோரம் இருந்தாள். பழம் அவள் காலடியில்.

வீட்டுக்குப் போகும் வழியில் காட்டை ஒட்டி ஒரு குளம். பின்னேரம் யானைகள் அங்கே இறங்கும். தூரத்தில் வைத்துக் காட்டினால் என் பயம் தெளியும் என்று சம்பந்தியம்மா திட்டம் போட்டிருந்தார். குளக்கட்டுக்குக் கீழே, மர நிழலில் ஜீப்பை நிறுத்தினார்கள்.

உண்மையைச் சொன்னால், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்கரையில் ஒரு கூட்டம் தண்ணீருக்குள் நின்றது. ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்துப் பீலித் தண்ணீரில் குளிக்கிற பெண்கள் மாதிரி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல். ஒரு குட்டி சேற்றில் வழுக்கி விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. தாய் அதன் பின்புறத்தில் காலால் ஒரு தட்டுத் தட்டி மேலேற்றியது. சம்பந்தியம்மா தன் சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவது போல் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"அந்தக் காது கிழிஞ்சது இருக்கே, அது பாவம்ண்ணே, ஒரு வம்புக்கும் வராது. பக்கத்துல நிக்கிறது அதோட தங்கச்சியா இருக்கணும். கொஞ்சம் வாய்த்துடுக்கு."

"நம்ம கோயில் யானை இதவிட உயரம்" என்றாள் என் மனைவி, பெண் வீட்டை விட்டுக்கொடுக்காமல்.

எனக்கு நெஞ்சு லேசானது. இவ்வளவுதானா யானை! நடுவில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது. நல்ல நாள் பார்த்துவிடலாம் என்று சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினேன்.

"அப்பா" என்றாள் மகள். சின்னக் குரல். தும்முகிற வயதில் அவளுக்கு இருந்த குரல்.

திரும்பினேன். ஜீப்பின் பின்வாசலில் வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. சுவரிலிருந்து ஒரு தும்பிக்கை உள்ளே வந்து என் மகளின் முழங்காலை முகர்ந்துகொண்டிருந்தது. படத்தில் அதன் நுனியை யாரும் சரியாக வரைவதில்லை. அது ஈரமாக, இளஞ்சிவப்பாக, முடி முளைத்து, தனக்கென்று ஓர் எண்ணத்தோடு அசைந்தது. தந்தம் இல்லாத ஆண் யானை. அங்கே அலியன் என்பார்கள். காட்டுப்பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லாமல் வந்திருக்கிறது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அது அநியாயம்.

"மாமா, அசையாதீங்க" என்றார் மாப்பிள்ளை. "யாரும் எறங்க வேணாம். அது தலைய எடுக்காம ஜீப்ப ஸ்டார்ட் பண்ண ஏலாது. பயந்து பொரட்டிப்புடும்." பிறகு, கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற குரலில் என் மகளிடம் சொன்னார்: "நீங்க கால மேல தூக்கிக்கங்க. மெதுவா. இப்ப பழத்த அது பக்கம் தள்ளி விடுங்க."

அவள் காலால் தள்ளினாள். பழம் பெஞ்சுக்காலில் சிக்கிக்கொண்டது. அவள் குனிந்தாள். தும்பிக்கைக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் விட்டுப் பழத்தைப் புரட்டினாள். நான் பிள்ளையாரே என்று கூப்பிட வாயெடுத்தேன். ஏற்கனவே வந்து நிற்கிறவரை எதற்குக் கூப்பிடுவது என்று வாயை மூடிக்கொண்டேன்.

பழம் போனது. ஜீப் ஒரு விரல் உயர்ந்தது. தும்பிக்கை திரும்ப வந்து வாழைத்தாரைக் கொண்டுபோனது. மூன்றாம் தரம் வந்து மனைவியின் துணிப்பையைப் பிடித்தது. அவள் கொடுக்கவில்லை.

"விடு! உள்ள என் சீலை இருக்கு!"

"மதினி, நீங்க விடுங்க!" என்றார் சம்பந்தியம்மா.

"அத விடச் சொல்லுங்க!"

பை கிழிந்து முடிவு வந்தது. லட்டு உருண்டு கீழே விழுந்தது. அலியன் அதைப் பொறுக்கத் தலையை வெளியே எடுத்ததும் மாப்பிள்ளை ஜீப்பைக் கிளப்பினார். பின்னால் பார்த்தபோது, அது என் மனைவியின் பச்சைச் சேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டு லட்டு சாப்பிட்டது. யாரும் சிரிக்கவில்லை. என் மகள் மட்டும் காலை மேலே வைத்தபடியே சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

அவர்கள் வீட்டில் எத்தனை அறை என்று எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. அன்றைக்குத்தான் சம்பந்தியம்மா அழுதுகொண்டே சொன்னார்: "பொண்ணு வீட்டுச் சீரக் கீழ வைக்கச் சொன்னா சம்பந்தம் நின்னு போயிரும்டான்னு நான்தாண்ணே அவன் வாய அடைச்சேன். பழ வாசத்துக்கு அது வரும்னு இந்தப் பக்கத்துல பச்சப் புள்ளைக்கும் தெரியும்." சம்பந்தம் நின்றுபோவதைவிட யானை வருவது மேல் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். என்ன செய்வது, நானும் அதே ஊர் மரியாதையில் வளர்ந்தவன்தான்.

மாப்பிள்ளை எங்களைப் பஸ் ஏற்றும்போது, "வேணாம்னு முடிவெடுத்தாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன் மாஸ்டர்" என்றார். மாமா மறுபடி மாஸ்டராகிவிட்டது.

பஸ்ஸில் நான் சொல்லிவிட்டேன். "முடியாது. என் பிள்ளைய இங்க விட மாட்டேன்."

"அப்பா, அது எதத் தேடி வந்துச்சு?" என்றாள் மகள்.

"பழத்த."

"பழத்த யாரு கொண்டாந்தது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"அவரு படிச்சுப் படிச்சு சொன்னாரு, நீங்க கேக்கல. அப்புறம் அவரு கத்தல, திட்டல, எறங்கி ஓடல. எனக்கு என்ன செய்யணும்னு மட்டும் சொன்னாரு. நான் செஞ்சேன். எனக்கு இவரே போதும்ப்பா."

"பதட்டத்துலயும் மாமான்னு வேற கூப்பிட்டுட்டாரு" என்றாள் மனைவி. சேலை போன துக்கத்திலும் அவள் அதைக் கவனித்திருக்கிறாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சீர்த்தட்டில் எலுமிச்சம்பழம் தவிர வேறு பழம் வைக்க நான் விடவில்லை. கஞ்சன் என்று என் பக்கத்துச் சனமே பேசியது. பலா மரத்தில் காய்த்ததையெல்லாம் பிஞ்சிலேயே பறித்துக் கறிக்குக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் பழம் வெட்டினால் எனக்கு இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது.

போன மாதம் மாப்பிள்ளை கடைச் சாமான் எடுக்க மாத்தளைக்கு வந்தார். வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"மாமா, அவளுக்கு மசக்கை. சோறு எறங்க மாட்டேங்குது. நம்ம வீட்டுப் பலாப்பழம் வேணுமாம்."

"நீங்க எடுத்துட்டுப் போங்களேன்."

"கேட்டேன். அப்பாதான் கொண்டாரணுமாம்."

உச்சிக் கிளையில் என் கண்ணுக்குத் தப்பிய ஒன்று இருந்தது. இறக்கிச் சுளை எடுத்து, பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி, மண்ணெண்ணெய் நனைத்த சாக்கால் கட்டினேன். பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

அதே இடத்தில் அதே ஜீப் நின்றது. மாப்பிள்ளை டின்னைப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் இருந்த காட்டைப் பார்த்தேன்.

"வாசமே வரல மாமா" என்றார் அவர். "ஆனாலும் பயமா இருந்தா, இந்தக் கடையில வச்சிட்டுப் போவோம்."

கடையைப் பார்த்தேன். வைத்துவிடலாம்தான்.

"வேணாம். அவ பாத்துக்கிட்டு இருப்பா."

"அப்ப முன்னால ஏறுங்க."

நான் பின்னால் ஏறினேன். வாசலோரம், அவள் இருந்த இடத்தில் உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்து, காலைப் பெஞ்சு மேல் தூக்கிக்கொண்டேன்.

"போங்க மாப்ள" என்றேன்.