நீலக்கறை படிந்த அந்த ஒரே பெல்ட்

தணிகாசலம் அண்ணன் போய்விட்டார். பெயிண்டர் தணிகா. நேற்று மதியம், மேனாம்பேடு பக்கம் நாங்கள் வேலை பார்க்கிற அபார்ட்மென்ட்டில் சாரம் சரிந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

நான் அங்கே பிளம்பர். கட்டடத்துக்கு வெளியே பைப் இறக்குகிறவனும் பெயிண்ட் அடிக்கிறவரும் ஒரே சாரத்தில்தான் ஏற வேண்டும். அப்படித்தான் பழக்கம்.

நான் ஏறுவதற்கு முன்னால் அண்ணன் பலகையை ஒரு உதை உதைத்துப் பார்ப்பார். "ஏறு மச்சான், இன்னிக்கு சாவ மாட்ட" என்பார். தினமும் இதே ஜோக். தினமும் சிரிப்பேன்.

போன வாரம் வரை இரும்புச் சாரம்தான் இருந்தது. அதற்கு வாடகை ஏறுகிறதாம்... டச்சப் மட்டும்தானே பாக்கி என்று கழற்றி அனுப்பிவிட்டார்கள். பதிலுக்குச் சவுக்குக் கட்டையைப் பழைய கயிற்றால் கட்டிக் கொடுத்தார்கள். "காக்கா உக்காந்தாகூட ஆடுதே இது" என்று அண்ணன் சொன்னார். இரண்டு நாள் வேலைதான், சமாளியுங்கள் என்றார் சூப்பர்வைசர்.

இன்று காலை எங்கள் சைட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ. அண்ணன் தலையில் ஹெல்மெட், தோளில் சேஃப்டி பெல்ட் எல்லாம் மாட்டிக்கொண்டு சிரிக்கிறார். கீழே சூப்பர்வைசர் எழுதியிருக்கிறார்: "பெல்ட் கொடுத்திருந்தோம். அவர் அணியவில்லை. ஆழ்ந்த இரங்கல்."

இரங்கலாம்.

அந்த போட்டோ எப்படி எடுத்தது என்று சொல்லிவிடுகிறேன்.

வாராவாரம் ஹெட் ஆபீசுக்கு சேஃப்டி போட்டோ போக வேண்டும். அன்றைக்கு ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு பெல்ட் வெளியே வரும். சைட்டுக்கே அது ஒன்றுதான். ஒருத்தர் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்... கிளிக்... கழற்றி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். எல்லாரும் முடிந்ததும் பெல்ட் ஸ்டோருக்குப் போகும், நாங்கள் பெல்ட் இல்லாமல் மேலே போவோம்.

அண்ணன் அதற்கு "ஸ்டுடியோ கோட்டு" என்று பேர் வைத்திருந்தார். பாஸ்போர்ட் சைஸ் எடுக்கப் போனால் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கோட்டு மாட்டி வைத்திருப்பார்களே, அது.

தன் முறை வந்ததும் பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வார். அதற்கு மேல் ஹெல்மெட் வைக்கப்போகிறார்கள்... இருந்தாலும் வாருவார். "பொண்ணூட்டுக்கு அனுப்பணும் மாமே, அழகா எடு" என்று சூப்பர்வைசரையே ஓட்டுவார்.

ஒரே ஒரு நாள் அந்த பெல்ட் நிஜமாகவே வேலைக்குப் போனது. கிளிக் முடிந்ததும் அண்ணன் அதைக் கழற்றாமல் அப்படியே ஏறிவிட்டார்.

"அண்ணாத்தே, குட்த்துட்டுப் போ!" என்று கீழேயிருந்து சூப்பர்வைசர் கத்துகிறார்.

"சாயங்காலம் குடுக்கறேன், இன்னா இப்போ!" என்று மேலேயிருந்து இவர்.

அன்றைக்குப் பார்த்து மேல் மாடியில் யாரோ பால்கனி கம்பிக்கு அடிக்கிற நீல எனாமல் டப்பாவைத் தட்டிவிட்டார்கள். பெயிண்ட் நேராக அண்ணன் தோளில். பெல்ட், சட்டை எல்லாம் நீலம்.

டப்பாவே தலையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. "போட்டோல அழுக்கா தெரியும்யா. ஹெட் ஆபீஸ்ல என்னத்தான் கேப்பாங்க" என்று திட்டுதான் விழுந்தது. அதற்குப் பிறகு சூப்பர்வைசரே கூட நின்று பெல்ட்டைக் கழற்றி வாங்கிப் பூட்டி வைக்க ஆரம்பித்தார்.

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் கறை போகவில்லை.

இன்று முத்தாபுதுப்பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் இன்னும் வரவில்லை. அவர் மனைவி அம்சா அண்ணி அழவே இல்லை. கோபமாக இருந்தார். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த அந்த போட்டோவை யாரோ அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

"பெல்ட்டு குட்த்தாங்களாமே தம்பி? மாட்டிக்கினு ஏறினா இன்னா கொறைஞ்சு பூடும் அந்த மனுசனுக்கு? வர்றவங்க எல்லாம் அவரத்தான் திட்றாங்க. நானும் திட்டிக்கினுதான் கீறேன்."

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செத்துப்போன மனிதரைப் பெண்டாட்டியே திட்டும்படி பண்ணிவிட்டார்கள்.

குரூப்பில் வந்து என் போனில் இருந்த பழைய சேஃப்டி போட்டோக்களைக் காட்டினேன். அண்ணன். அடுத்தது நான். அடுத்தது கொத்தனார். எல்லார் இடது தோளிலும் அதே நீலக்கறை. ஒரே பெல்ட்தான் அண்ணி என்றேன். கறை எப்படி வந்தது என்பதையும் சொன்னேன்.

இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார்.

அண்ணனுடைய பழைய வேலைச் சட்டையை எடுத்து வந்து மடியில் விரித்தார். இடது தோள் முழுக்க நீலம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. நடுவில் மட்டும் ஒரு பட்டை... பெல்ட் அகலத்துக்கு... நீலம் படாமல்.

"தொவைக்கறப்போ பாத்தேன் தம்பி. இங்க மட்டும் எப்படி படலன்னு நெனைச்சேன். கேக்கவே இல்ல." அந்தப் பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். "கைல கெடைச்ச அன்னிக்கி மாட்டிக்கினுதான் ஏறிக்கீறாரு..."

அப்புறம்தான் அழுதார்.

போட்டோக்களை இங்கே போட்டிருக்கிறேன். போலீஸ் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். பதிவை எடுக்கச் சொல்லி போன் வரும், தெரியும். எடுக்க மாட்டேன். அந்த சைட்டில் இனி எனக்கு வேலையும் இருக்காது, பரவாயில்லை.

நாளைக் காலை எடுக்கிறார்கள். சைட்டில் கூட இருந்தவர்கள் வந்துவிடுங்கள்.

பாக்கெட்டில் சீப்பை வைக்கச் சொல்லியிருக்கிறேன், தணிகாண்ணே. தலை வாரிக்கொண்டு போங்கள்.