ரோஸ்மேரி போட்ட பரோட்டாக் கணக்கு

துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து ரோஸ்மேரி "நூத்தி எண்பது" என்றால், தராசில் வைத்தாலும் இரண்டு கிராம்தான் முன்னே பின்னே இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கை பனியன் கம்பெனிகளில் ஜிஎஸ்எம் என்பார்கள். சாத்தான்குளத்திலிருந்து திருப்பூருக்கு வந்த பத்தொன்பது வருஷத்தில், பதினொரு வருஷம் அவருக்குத் துணி செக்கிங்தான் வேலை.

நாற்பத்துமூன்றாவது வயதில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. "எடையக் கொறைச்சீங்கன்னா மாத்திரை வேண்டியதில்லீங்க. ஒரு நாளைக்கு ஆயிரத்தி நானூறு கலோரிக்குள்ள நிறுத்திக்கோங்க" என்றார் டாக்டர்.

காலையும் மதியமும் வீட்டுச் சாப்பாடு, அளந்துவிடலாம். ராத்திரிச் சாப்பாடுதான் சிக்கல். மகள் மோனிஷா நர்சிங் படிக்கக் கோவை விடுதிக்குப் போனபிறகு, வேலை முடிந்து வந்து ஒருத்திக்காக அடுப்பு பற்றவைக்க ரோஸ்மேரிக்கு மனசு வருவதில்லை. கம்பெனி முக்கில் இருந்த கந்தவேல் கடையில் மூன்று பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிடுவார். கந்தவேல் கடையில் விலைப்பட்டியலே கிடையாது, கலோரிப் பட்டியலுக்கு எங்கே போவது?

மோனிஷா போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். பரோட்டா என்று தேடினால் ஓரிடத்தில் நூற்றிருபது, இன்னோரிடத்தில் நானூற்றைம்பது. "எந்த ஊருப் பரோட்டாவச் சொல்லுதாவன்னே தெரியலியே" என்று ரோஸ்மேரி போனை மூடி வைத்தார்.

மறுநாள் ஒரு பரோட்டாவைப் பார்சல் வாங்கி, டீ இடைவேளையில் துணி எடைபோடும் தராசில் பாலித்தீன் விரித்து வைத்தார். அந்த நேரம் பார்த்து, தரக் கட்டுப்பாட்டு மேலாளர் பிரதீப் உள்ளே வந்தார்.

"ஏனுங்க்கா, துணி வாங்கற பையர் வர்ற லேப்ல என்னங்க இது?"

"கலோரிக் கணக்குக்கு எடை போடுதேன் சார். எண்பத்தாறு கிராம்."

பிரதீப் குனிந்து தராசைப் பார்த்தார். "அப்ப கலோரி எவ்வளவுங்க?"

"சப்பாத்திக் கணக்குல எரநூத்திச் சொச்சம்."

"சரி, தராசத் தொடச்சு வெச்சிருங்க" என்று போய்விட்டார்.

மூன்று பரோட்டா அறுநூறு என்று வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு வேளையையும் இறுக்கினார் ரோஸ்மேரி. ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால் எடை அரைக் கிலோ கூடியிருந்தது. கோபம் வந்தது. பதினொரு வருஷத்தில் அவர் கணக்கு இப்படித் தவறியதே இல்லை.

அந்த வாரம் சரியாகக் காயாத துணி ஒன்று சாயப்பட்டறையிலிருந்து வந்தது. நூற்றெண்பது இருக்கவேண்டிய துணிக்குத் தராசு இருநூறு காட்டியது. ஈரம் என்று தொட்டதுமே தெரிந்ததால் திருப்பி அனுப்பினார். தராசு மொத்த எடையைத்தான் சொல்லும். அதில் நூல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லாது. துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தவருக்குப் பரோட்டா ஞாபகம் வந்துவிட்டது. எண்பத்தாறு கிராமில் எண்ணெய் எவ்வளவு?

அன்று சாயங்காலம் கந்தவேல் மாவு பிசையும் நேரத்தில் போய் நின்றார்.

"அண்ணே, ஒரு கிலோ மாவுக்கு எத்தன பரோட்டா வரும்? எண்ணெ எவ்வளவு ஆவும்?"

கந்தவேலுக்கு முகம் மாறியது. "ஏனுங்க்கா, எண்ணெயில ஏதாச்சும் குத்தமுங்களா?"

"குத்தமெல்லாம் இல்லண்ணே. எனக்குச் சுகர் எட்டிப் பாக்குது. கணக்கு தெரியணும்."

அவர் முகம் இளகியது. "பதினெட்டு வருமுங்க. பெசையறதுக்கு, ஊற வெக்கறதுக்கு, வீசறதுக்கு, கல்லுல ஊத்தறதுக்குன்னு கால் லிட்டர் ஆயிருமுங்க."

ரோஸ்மேரி அங்கேயே நின்று கணக்குப் போட்டார். ஒரு கிராம் மாவுக்கு மூன்றரை கலோரி, ஒரு கிராம் எண்ணெய்க்கு ஒன்பது. கூட்டிப் பதினெட்டால் வகுத்தால் ஒரு பரோட்டா முந்நூறைத் தாண்டியது. மூன்றுக்குத் தொள்ளாயிரம். சால்னாவின் மேல் மிதப்பது தனி.

"எண்ணெயக் கொறச்சா பரோட்டா வரட்டி மாதிரி ஆயிருமுங்க்கா" என்றார் கந்தவேல், பயந்துபோய்.

"ஒண்ணும் கொறைக்காண்டாம். எனக்கு ஒண்ணு போதும். கூட ரெண்டு அவிச்ச முட்டையும் வெங்காயமும் வைங்க."

மூன்று மாதத்தில் நாலரைக் கிலோ இறங்கியது. சர்க்கரையும் கோட்டுக்கு உள்ளே வந்தது. டாக்டர் அறிக்கையை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்.

போன மாதம், உடன் வேலை செய்யும் தேவிப்பிரியாவோடு தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, அவிநாசிபாளையத்தில் பஸ் மாற இறங்கினார்கள். பசி. ரோட்டோரக் கடையில் கொத்து பரோட்டா தட்டும் சத்தம். ரோஸ்மேரி கல்லருகே போய், முதல் தட்டு முடியும்வரை பார்த்துவிட்டு வந்தார்.

"பரோட்டா ரெண்டு, முட்டை ரெண்டு, எண்ணெ ஒரு கரண்டி, சால்னா வேற. தொள்ளாயிரம். அம்பது முன்ன பின்ன இருக்கும்."

"அய்யோ, அப்ப வேண்டாமுங்களாக்கா?"

"வேண்டாம்னு யாரு சொன்னா? மத்தியானம் பந்தியில கொஞ்சமாத்தான் தின்னேன். ஒரு பிளேட்டு சொல்லு பிள்ள, பாதி எனக்கு."