சுகந்திக்கு எந்தக் கை?

வெள்ளிக்கிழமை, காலை 8.50

வில்லியே லே பெல் தொடர்மாடிகளுக்குக் கீழே பேருந்துக்காக நின்றபோதே கால் உளையத் தொடங்கிவிட்டது. பாரிசுக்கு வந்த ஐந்து நாளில் நான் பார்த்தவை இவ்வளவுதான்: ஒரு மண்டபம், என் மைத்துனன் மகள் பெரியவளானதற்கு அதில் நடந்த சாமத்திய வீடு, மறுநாள் அந்த மண்டபத்தைக் கழுவிக் கொடுத்தது, பிறகு மைத்துனன் வீட்டுச் சோபா. ஈஃபில் கோபுரத்தை ஒருமுறை நெடுஞ்சாலையில் இருந்து கண்டேன். சமையல்காரரை ஏற்றிவரப் போன வழியில்.

நாளை பிற்பகல் ஒரு மணிக்கு ரொறொன்ரோவுக்கு விமானம். நாளை மறுநாள் என் மனைவி சுகந்திக்கு ஐம்பது வயது. பரிசு இன்னும் வாங்கவில்லை.

சுகந்தி பேஸ்போல் பைத்தியம். இதை 2015ஆம் ஆண்டில் ஒரு தமிழ்க் கணவன் எழுத்தில் ஒப்புக்கொள்வது சுலபமில்லை. மற்ற வீடுகளில் தொடர் நாடகம் ஓடும் நேரத்தில் எங்கள் வீட்டில் தொப்பி போட்ட ஆண்கள் விதை மென்று துப்பிக்கொண்டு நிற்பார்கள். ஒரு பருவத்துக்கு நூற்று அறுபத்திரண்டு ஆட்டம். தம்பி மகளின் சடங்குக்கு அவள் வராததற்குக் காரணம் வேலையில் லீவு கிடைக்கவில்லை என்று இங்கே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறது. உண்மையில் எங்கள் ரொறொன்ரோ அணி அந்த மாதம் முதலிடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பரிசு விஷயத்தில் என் பழைய சாதனைகளும் பெருமைப்படக் கூடியவை அல்ல. நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு சுருதிப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். கல்யாணம் பேசியபோது பெண் சங்கீதம் படித்தவள் என்று சொன்னார்கள். பன்னிரண்டு வருடம் காத்திருந்தும் அவள் பாடவில்லை, ஒருவேளை சுருதி இல்லாத குறையோ என்று நினைத்தேன். போன வருடம் உடற்பயிற்சி நிலையத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். அவள் நன்றி சொல்லிவிட்டு ரீவியின் சத்தத்தைக் கூட்டினாள். இம்முறை நான் புறப்படும்போது வாசலில் வைத்து ஒன்றும் வாங்கவேண்டாம் என்றாள். அப்படிச் சொன்ன தொனியில் எங்கள் கல்யாணத்தின் இருபத்திரண்டு வருடமும் இருந்தது. இந்த முறையும் பிழைவிட்டால் இனி அவள் சத்தத்தைக் கூட்டக்கூட மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

காலை 10.05

வில்லியே லே பெல்லில் இருந்து பாரிஸ் வடக்கு ரயில் நிலையம் பதினேழு கிலோமீட்டர் இருக்கும். ஆர்.ஈ.ஆர். டி ரயிலில் இருபது நிமிடம் என்று அட்டவணை சொல்கிறது. நானும் மைத்துனன் ரவியும் நாற்பது நிமிடம் நின்றுகொண்டே வந்தோம். சார்செல் நிலையத்தில் ஏறிய இரண்டு தமிழர்கள் நின்றபடியே தூங்கினார்கள். உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர்களாக இருக்கவேண்டும், கைவிரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. அவர்களைப் பார்த்தபின் என் களைப்பைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் பேசினேன்.

ரவி சுகந்தியின் ஒரே தம்பி. நாற்பத்தாறு வயது. ஒரு பிரெஞ்சு உணவகத்தின் அடுக்களையில் பதினெட்டு வருடமாக வேலை. அக்காவுக்குப் பரிசு என்றதும் கொன்ஜே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பிரெஞ்சில் விடுமுறைக்கு அதுதான் பெயர். இங்கே தமிழர் யாரும் விடுமுறை எடுப்பதில்லை, கொன்ஜே மட்டும் எடுக்கிறார்கள். அக்காவைக் கடைசியாகப் பார்த்துப் பன்னிரண்டு வருடம். ஆகவே அவன் நேரே சேலைக் கடைக்குள் நுழைந்தான்.

"அக்காவுக்கு ஊதா எண்டால் உயிர், அத்தான்."

அவள் ஊதா உடுத்து நான் கண்டதில்லை. அதைச் சொன்னால் அவனுக்கு மனம் நோகும். நூற்று நாற்பது யூரோ ஊதாப் பட்டொன்றைக் கடைக்காரர் தோளில் போட்டுக் காட்டினார். அவருக்கு நன்றாகவே இருந்தது.

அடுத்தது நகைக்கடை. எங்கள் ஆட்களிடம் ஐம்பதாவது பிறந்தநாள் என்று சொல்லிவிட்டுத் தங்கம் பார்க்காமல் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலைக் கடப்பது முடியாத காரியம். பேஸ்போலில் பிரியம் என்று நான் தயங்கிச் சொன்னேன். நகைக்கடைக்காரர் அதற்கெல்லாம் அசரவில்லை. இழுப்பறையில் இருந்து சின்னதாக ஒரு தங்க மட்டையை எடுத்தார்.

"இது கிரிக்கெட் மட்டை அல்லோ?" என்றேன்.

"ஓம் அண்ணை. உருக்கி உருட்டிவிட்டால் பேஸ்போல். புதன்கிழமை வாங்கோ."

புதன்கிழமை நான் ஸ்காபரோ வீட்டில் புல் வெட்டும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன் என்று சொல்லி விடைபெற்றோம்.

காலை 11.30

ரயில்நிலையப் பக்கத்து நடைபாதையில் தொப்பிக் கடைகள். பாரிசில் இரண்டு தலைக்கு ஒரு தலையில் பேஸ்போல் தொப்பி இருக்கிறது, அத்தனையும் நியூயோர்க் அணியுடையது. போட்டிருக்கிறவர்களில் ஒருவர்கூட ஓர் ஆட்டமும் பார்த்திருக்கமாட்டார். பத்து யூரோ. ரவி ஒன்றை எடுத்துத் தூசு தட்டினான், காரியம் முடிந்தது என்ற முகத்தோடு.

பேஸ்போலைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. தொப்பியில் இருந்த அந்த எதிரணியின் இரண்டு எழுத்தைத் திரையில் கண்டால் சுகந்தி தேநீரைக் கீழே வைத்துவிடுவாள். அதைத் தலையில் கொண்டு வீட்டுக்குப் போனால் நான் கராஜில்தான் படுக்கவேண்டும். ரவியின் கையில் இருந்து தொப்பியை எடுத்துத் திருப்பி வைத்தேன். இந்த ஒரு விஷயத்தில் நான் பிழைவிடவில்லை என்பதில் ஒரு சின்ன நிம்மதி. அது அரைமணி நேரம் நீடித்தது.

பிற்பகல் 12.10

ஸ்தாலின்கிராத் பக்கம் ஒரு பெரிய விளையாட்டுக் கடை இருந்தது. லா சப்பலில் இருந்து நடந்தால் பத்து நிமிடம், என் நடையில் இருபது. மூன்று மாடி. காற்பந்துக்கு ஒரு மாடி முழுக்க, குதிரைக்குக்கூட ஒரு மூலை. பேஸ்போலுக்கு முழங்கால் உயரத்தில் ஒரு தட்டு. அதில் ஒரு மட்டையும் மூன்று தோல் கையுறையும் கிடந்தன.

கையுறையைப் பார்த்ததும் சரி என்று பட்டது. அவள் ஆட்டம் பார்க்கும்போது சில நேரம் கையைக் குவித்து வைத்திருப்பாள், மடியில் ஏதோ விழப்போகிறது போல. அங்கே வேலை செய்த பெண் ரவியிடம் ஏதோ கேட்டாள். எந்தக் கையால் எறிகிறவர் என்று கேட்கிறாளாம். எறியாத கையில்தான் கையுறை போடுவார்களாம்.

"வலக்கை" என்றேன், சுகந்தி கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கும் துணிவில்.

ரவி அதை மொழிபெயர்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

"அத்தான், பகிடியோ? அக்கா இடக்கையாலை அல்லோ எறியிறவ."

"என்னத்தை எறியிறவ?"

"பந்தை."

என் வீட்டில் இருபத்திரண்டு வருடத்தில் யாரும் பந்து எறிந்ததில்லை. ரிமோட் ஒருமுறை எறியப்பட்டது. அது எந்தக் கையால் என்று எனக்குத் தெரியாது, நான் குனிந்திருந்தேன்.

இடக்கைக்காரருக்கான கையுறை அந்தத் தட்டில் இல்லை. அந்தப் பெண் எங்கோ தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சொன்னாள்: பிளாஸ் டி இத்தாலிக்குப் பக்கத்தில் உள்ள அவர்களுடைய இன்னொரு கடையில் ஒன்றே ஒன்று இருக்கிறது, ஐந்து மணி வரை எடுத்து வைப்பார்கள். பிளாஸ் டி இத்தாலி எங்கே என்று கேட்டேன். ரவி கையால் காட்டிய திசையில் பாரிஸ் முழுக்கக் கிடந்தது.

பிற்பகல் 1.15

ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. சோறு, ஆட்டிறைச்சி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, எட்டு யூரோ. ரவி முதலில் வடிவாகச் சாப்பிட்டான். பிறகுதான் கதை வந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் எல்லே என்று ஒரு விளையாட்டு உண்டு. ஒரு தடி, ஒரு ரெனிஸ் பந்து. அடித்துவிட்டு வளையம் வளையமாகச் சுற்றி ஓடவேண்டும். ஓடுகிறவரின் உடம்பில் பந்தை எறிந்து படவைத்தால் அவர் ஆட்டமிழந்தார். ஏறத்தாழப் பேஸ்போல்தான், சம்பளம் மட்டும் இல்லை. சுகந்தி அதில் பள்ளிக்கூட அணியின் தலைவி. எழுதுகிற கையை ஆசிரியை பிரம்பால் வலப்பக்கம் மாற்றினார்; எறிகிற கையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவள் பந்தெடுத்தால் மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வெளியே ஓடுவார்களாம்.

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"கலியாணம் பேசேக்கை அம்மா சொல்லக்கூடாதெண்டிட்டா. வெயிலுக்கை நிண்டு தடி சுத்தின பெட்டை எண்டால் கனடா மாப்பிளை பயந்திடுவாராம்."

"அப்ப சங்கீதம்?"

"அது பக்கத்து வீட்டு அக்கா படிச்சது. எங்கடை வீட்டுக்கும் கேக்கும்."

நான் சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன். மாமியார் மறைத்தது இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய விஷயம். அதற்குப் பிறகு சுகந்தியே சொல்லியிருக்கலாமே என்றேன். ரவி தண்ணீர் குடித்தான். நேரம் எடுத்துக் குடித்தான்.

"நானும் அக்காவைக் கேட்டனான், அத்தான். ஏன் உந்த ஆட்டத்தைப் பாக்கிறீர் எண்டு அவர் ஒருநாளாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பன் எண்டவ."

நான் கேட்டதுண்டு. 'இன்னும் எத்தனை மணிக்கு முடியும்?' என்று கேட்டிருக்கிறேன். 'இதில் இவன் ஏன் ஓடுகிறான்?' என்று விருந்தினர் முன்னால் சிரித்துக் கேட்டிருக்கிறேன். அவள் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லத் தொடங்குவாள், நான் எழுந்து போயிருப்பேன். கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலம் முடிந்ததும், ஆங்கிலம் பிடிபடாமல் இருந்த நாளில், அவள் அந்த ஆட்டத்தின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. பாவம், மொழி தெரியாமல் எதையோ பார்க்கிறாள் என்று நினைத்தேன். அந்த வீட்டில் ஆட்டம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

கடைக்காரர் இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டார். காணும் என்றேன்.

பிற்பகல் 2.40

லூயி-பிளாங் நிலையத்தில் ஏழாம் இலக்க மெத்ரோ. பதினெட்டாவது தரிப்பு பிளாஸ் டி இத்தாலி. ஒபேராவுக்குக் கீழால் போனோம், லூவர் அருங்காட்சியகத்துக்குக் கீழால் போனோம், செயின் நதிக்கும் கீழால் போனோம். இவற்றையெல்லாம் பார்த்ததாகவே ஊரில் சொல்லிக்கொள்வேன், திசை ஒன்றுதானே. இடையில் ஒரு நிலையத்தில் வண்டி கால்மணி நேரம் நின்றது. ரவி தூங்கிவிட்டான். நான் கைக்கடிகாரத்தையும் என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடையில் ஓர் இளைஞன், முன்வழுக்கை, கையுறையை மேசைக்கடியில் இருந்து எடுத்து வைத்தான். தவிட்டுநிறத் தோல், வலக்கைக்குள் நுழையும் அளவு. முப்பத்துநான்கு யூரோ தொண்ணூற்றைந்து சதம். அதனுள் என் வலக்கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே இருட்டாகவும் விறைப்பாகவும் இருந்தது. யாரும் இன்னும் எதையும் பிடிக்காத கை.

பணத்தை எடுத்தபோது அவன் ரவியிடம் ஏதோ கேட்டான். ரவி சிரிப்பை அடக்கினான்.

"மற்றப் பக்கத்திலை நிண்டு பிடிக்கப்போறது ஆரெண்டு கேக்கிறான், அத்தான்."

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

எனக்கு ஐம்பத்துமூன்று வயது. கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிவதற்கு முன் ஒரு தரம் யோசிக்கிறவன். பறந்து வரும் எதையும் பிடித்த பழக்கம் எனக்கில்லை. அப்படி வந்தவற்றுக்கு விலகியே பழக்கம். இதையெல்லாம் பிரெஞ்சில் சொல்ல ரவியால் முடிந்திருக்கும். நான் இடக்கையை நீட்டினேன். இளைஞன் விரல்களை அளந்து பார்த்து, இன்னொன்றை எடுத்துவந்தான். அதனோடு ஒரு பந்து, ஐந்து யூரோ.

சனி, காலை 10.45

விமான நிலையத்தில் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். கறுவா, மிளகாய்த்தூள், சாமத்திய வீட்டுப் பலகாரம் எல்லாவற்றுக்கும் நடுவில் இரண்டு தோல் கையுறை. சோதனை செய்த அம்மையார் என் வயிற்றைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டார். ரவி வெளியே நின்று கையசைத்தான், இடக்கையால். இவனுமா என்று யோசித்தேன். வலக்கையில் கார்ச் சாவி இருந்தது.

ஞாயிறு, ஸ்காபரோ

லா சப்பலில் ஒரு மனிதன் நிற்க இடம் கிடைக்காது, நின்றால் இரண்டு பேர் அவனைச் சுற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள பூங்காவில் கண்ணுக்கெட்டிய வரை புல், ஆளில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தப் புல்லின் ஓரத்தால் நான் கடைக்குப் போய் வந்திருக்கிறேன்.

சுகந்தி பொதியைப் பிரித்தாள். கையுறை எந்தக் கைக்கானது என்று திருப்பிப் பார்த்தாள். பிறகு வலக்கையை உள்ளே விட்டு, இடக்கை முட்டியால் அதன் குழியில் இரண்டு தரம் குத்தினாள். ரவியா சொன்னான் என்று கேட்டாள். ஓம் என்றேன். செருப்பை மாற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.

இருபது அடி தள்ளி நின்று அவள் இடக்காலை மெதுவாகப் பின்னுக்கு வைத்த விதத்தை நான் முன்பு கண்டதில்லை. முதல் பந்து என் தோளில் பட்டது. இரண்டாவது நெஞ்சில்.

"பந்தைப் பாருங்கோ" என்றாள். "என்னைப் பாக்காதேங்கோ."

மூன்றாவதும் தோளில்தான் பட்டது.